ஒன்பதாவது பேட்ஜ்

நான் அந்த மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை பதினொரு மணி. பேய்க்கதைக்கு ஏற்ற நேரமில்லை என்று எனக்கும் தெரியும். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவர் வண்டிக் கதவைத் திறந்துபோட்டு, கால்களை வெளியே நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார். மருந்து வாங்குகிற வரிசையில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. கையிலிருந்த ஃபைலில் மட்டும்தான், இறந்துபோன ஒருவர் வேலைக்கு வந்துகொண்டிருந்தார்.

என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். கதிர்வீச்சுப் பொருள்களை வைத்திருக்கும் மருத்துவமனைகளும் ஆலைகளும் ஒரு பக்கம். அவற்றைக் கண்காணிக்கும் அரசு வாரியம் மறு பக்கம். நடுவில் தொடர்பு அலுவலர் என்ற பெயரில் நான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அந்த மத்தளத்துக்கு ஒரு மேசையும் முத்திரையும் கொடுத்தால் அதுதான் என் பதவி. ஆய்வாளர்கள் கையில் கதிர்வீச்சை அளக்கும் மானி இருக்கும். என் கையில் படிவம் இருக்கும்.

கதிர்வீச்சு அறையில் வேலை செய்கிறவர்கள் சட்டையில் ஒரு சின்ன பேட்ஜ் குத்திக்கொள்வார்கள். பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது, தீப்பெட்டி அளவு பிளாஸ்டிக். உடம்பில் எவ்வளவு பட்டதோ அதை அது வாங்கி வைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா பேட்ஜுகளையும் ஆய்வகத்துக்கு அனுப்பினால், யாருக்கு எவ்வளவு டோஸ் என்று அங்கிருந்து அறிக்கை வரும். இந்த மருத்துவமனையில் எட்டுப் பேர். அனுப்பியது எட்டு பேட்ஜ். ஆய்வகத்தில் எண்ணியபோது ஒன்பது இருந்தது.

வந்ததை எண்ணி, படித்து, அதே எண்ணிக்கையில் புதியவற்றைத் திருப்பி அனுப்புவதோடு ஆய்வகத்தின் வேலை முடிந்தது. அப்படியே மூன்று முறை நடந்துவிட்டது. ஒன்பதாவது பேட்ஜில் முதல்முறை ஆறு மில்லிசீவர்ட். அடுத்தது பதினான்கு. இந்த முறை முப்பத்தொன்று. ஒரு மனிதருக்கு ஒரு வருஷம் முழுதுக்குமே இருபதுதான் அனுமதி. மற்ற எட்டுப் பேருக்கும் மூன்று முறையும் பூஜ்ஜியம்.

ஒன்பதாவது பேட்ஜின் எண் கொக்குக்கு உரியது. கொக்கு என்பது அவருக்கு மருத்துவமனையில் எல்லாரும் வைத்த பெயர். ஆள் நல்ல உயரம், ஒல்லி. நோயாளிகள் மேல் குனிந்து குனிந்து கழுத்து முன்னால் வளைந்துபோன டெக்னீஷியன். அவர் இறந்து பதினாலு மாதம் ஆகிறது.

புற்றுநோய்க்காரர்களுக்குக் கதிர்வீச்சு கொடுக்கும் கோபால்ட் அறை கீழ்த்தளத்தில். இருபத்திரண்டு படி இறங்க வேண்டும். பாதிப் படியிலேயே கைப்பேசியில் சிக்னல் போய்விடும். பத்தாவது படிக்குக் கீழே வெயிலின் சூடும் போய்விடும். அங்கே சுவர்கள் ஆள் கையை விரித்தாலும் அளக்க முடியாத தடிமன். சத்தம் உள்ளே வராது, வெளியேயும் போகாது. பினாயில் வாசனை, அதன் அடியில் ஈரச் சிமெண்ட் வாசனை, காற்றோட்டக் குழாயின் இரைச்சல். அவ்வளவுதான்.

கீழே நிர்வாகி காத்திருந்தார். எப்போதும் பல் தெரியச் சிரிக்கிற மனிதர். அவருக்குப் பின்னால், வெள்ளைக் கோட்டில், என் அக்கா மகள்.

“வணக்கம் சார்” என்றாள். மற்றவர்கள் முன்னால் நான் அவளுக்கு சார்.

நிர்வாகி விளக்கைப் போடத் திரும்பிய ஒரு நொடியில் என் முழங்கையைப் பிடித்தாள். விரல்கள் ஐஸாக இருந்தன.

“மாமா, உள்ள யாரோ இருக்காங்க மாமா.”

அந்த வேலையில் அவளைச் சேர்த்துவிட்டதே நான்தான். “ஆபத்தில்லையேடா?” என்று அக்கா நூறு முறை கேட்டாள். “ரோட்டைத் தாண்டறதுதான் ஆபத்து. அங்க எல்லாம் அளந்து அளந்து நடக்கும். நானே பாத்திருக்கேன்” என்று சொன்னேன். பார்த்தது படிவங்களை. அக்கா அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நிர்வாகி ஒரு தாளை நீட்டினார். அறிக்கையைத் தட்டச்சே செய்து வைத்திருந்தார்.

“சிம்பிள் சார். பழைய பேட்ஜ் எங்கேயோ மெஷின் ரூம்ல கிடந்திருக்கு. யாரோ தெரியாம எடுத்து மத்ததோட அனுப்பிட்டாங்க. பேட்ஜ் உள்ள இருந்துச்சு, ஆள் உள்ள இல்ல. மெய்யல்லாத டோஸ். ஆள்தான் போய்ச் சேந்துட்டாரே, நமக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?” சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

எங்கள் தொழிலில் அப்படி ஒரு வழி உண்டு. பேட்ஜில் டோஸ் கூடுதலாக வந்தால் விசாரிப்போம். ஆள் உண்மையிலேயே கதிர்வீச்சில் நின்றிருந்தால் அது மெய்யான டோஸ். கோட்டைக் கழற்றி உள்ளே மாட்டிவிட்டு ஆள் தேநீர் குடிக்கப் போயிருந்தால், பட்டது பேட்ஜுக்குத்தான், மெய்யல்லாத டோஸ். மெய் என்றால் இயந்திரத்துக்குப் பூட்டு, மேலே விசாரணை, அந்த ஆளுக்குத் தொடர்ந்து ரத்தப் பரிசோதனை. மெய்யல்ல என்றால் ஒரு கையெழுத்து, அதோடு சரி.

அந்தத் தாளின் வாசகங்கள் எனக்குப் பரிச்சயமானவை. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே நிர்வாகி, இதே வரிகளை, இதே வரிசையில் நீட்டியிருந்தார்.

அன்று இயந்திரத்துக்குள்ளிருந்து வெளியே வந்த சோர்ஸ், அதாவது கதிர்வீச்சை உமிழும் அந்தச் சின்னக் கோபால்ட் துண்டு, திரும்பித் தன் கூட்டுக்குள் போகாமல் சிக்கிக்கொண்டது. சிகிச்சை மேசையில் ஒரு நோயாளி. கொக்கு உள்ளே ஓடி, நோயாளியை வெளியே தள்ளிவிட்டு, இரும்புக் கம்பியால் சோர்ஸை உள்ளே குத்தி அனுப்பினார். அவர் பேட்ஜில் வந்த எண்ணைப் பார்த்து ஆய்வகமே இரண்டு முறை தொலைபேசியில் கேட்டது.

நான் வந்தேன். கொக்கை எதிரில் உட்காரவைத்தேன். அவருடைய உள்ளங்கைகள் சிவந்து, தீப்புண்ணுக்குப் போடும் களிம்பு பூசியிருந்தன.

“நான் உள்ள போனேன் சார்” என்றார்.

“போனீங்க. யாரு இல்லேன்னா? ஆனா மெய்யின்னு எழுதினா நாளைக்கே மெஷினை மூடணும். தினம் வர்ற அத்தனை பேரும் எங்க போவாங்க? பேப்பர்ல போகலைன்னு இருந்துட்டுப் போகட்டுமே. உங்களுக்கும் விசாரணை, கிசாரணைன்னு அலைச்சல் இல்ல.”

அவர் வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, “அப்போ அந்த ரூம்ல இருந்தது யாரு சார்?” என்று கேட்டார்.

நான் சிரித்தேன். அவர் நகைச்சுவையாகத்தான் கேட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

டோஸ் மெய்யல்ல என்று ஆனதால் அவருக்கு ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. அடுத்த வருஷக் கடைசியில் ரத்தத்தில் நோய் என்றார்கள். அதன்பின் நான்கு மாதம். அந்த டோஸால்தான் இறந்தார் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அதனால் இல்லை என்றும் சொல்ல முடியாது. நாங்கள் முதல் வாக்கியத்தை மட்டும் எழுதி ஃபைலை மூடினோம்.

“ரூமைப் பாத்துட்டு எழுதறேன்” என்றேன். நிர்வாகியின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது.

அறைக்கு வெளியே பெஞ்சில் ஒரு தையல்காரர் உட்கார்ந்திருந்தார். தொண்டையில் கட்டி. இருபது நாளாக வருகிறார். குரல் போய்விட்டது, வெறும் காற்றுதான் வரும். பக்கத்தில் குனிந்தால்தான் கேட்கும். அக்கா மகள் அவரை எழுப்பிவிட்டபோது, அவர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். குனிந்தேன்.

“இன்னைக்கு அந்த உசரத் தம்பி வரலியா?”

“எந்தத் தம்பி?”

“உள்ள இருப்பாரே. விளக்கை இறக்கினதும் வருவாரு. மெஷினுக்கும் பாப்பாவுக்கும் நடுவுல நிப்பாரு. பாப்பா நகந்தா அவரும் நகருவாரு.”

அக்கா மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மருந்து மயக்கம் சார்” என்றார் நிர்வாகி.

“எனக்கு மயக்க மருந்தே குடுக்கலையே” என்றார் தையல்காரர், காற்றில்.

சிகிச்சை ஆரம்பமானது. நானும் நிர்வாகியும் வெளியே கட்டுப்பாட்டு மேசையில். மேசையில் ஒரு திரை, அறைக்குள்ளிருக்கும் கேமராவுக்கு. ஒரு பேசும் பொத்தான், ஒரு ஒலிபெருக்கி. பச்சை விளக்கு எரிந்தால் சோர்ஸ் கூட்டுக்குள் இருக்கிறது. சிவப்பு எரிந்தால் வெளியே வந்திருக்கிறது.

அக்கா மகள் தையல்காரரைப் படுக்கவைத்து, தலை அசையாமலிருக்க முகத்தின்மேல் வலைபோன்ற பிளாஸ்டிக் முகமூடியை வைத்து, நான்கு கொக்கிகளால் மேசையோடு பூட்டினாள். கழுத்தின் வலப்பக்கத்துக்கு முதலில், இடப்பக்கத்துக்குப் பிறகு. அவள் வெளியே வந்ததும் கதவு மூடியது. சிவப்பு. இரண்டு நிமிடம் பத்து நொடி.

அந்த இரண்டு நிமிடத்தில்தான் கட்டுப்பாட்டு மேசைக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்தேன். அறைக்குள் கதிர்வீச்சு இருந்தால் கத்துகிற அலாரம் அங்கே மாட்டியிருந்தது. அதில் எந்த விளக்கும் எரியவில்லை. அதன் பிளக் தனியே தொங்கிக்கொண்டிருந்தது.

“இது ஏன் கழட்டியிருக்கு?”

“அதை ஏன் கேக்கறீங்க சார்! சோர்ஸ் உள்ள போனப்புறமும் சும்மா சும்மா கத்துது. பேஷண்டெல்லாம் பயப்படறாங்க. சென்சார் போயிடுச்சு. புதுசுக்கு எழுதியிருக்கோம்.”

“எத்தனை நாளா?”

“ஒரு… எட்டு ஒம்பது மாசம்.”

மூன்று காலாண்டு. ஒன்பதாவது பேட்ஜ் வந்ததும் அதே மூன்று முறை.

பச்சை எரிந்தது. சிகிச்சையின் முதல் பாதி முடிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா மகள் கதவைத் தள்ளி உள்ளே போய்விட்டாள். தினமும் முப்பது நாற்பது முறை செய்கிற வேலை. பச்சை எரிந்தால் கால் தானாக நடக்கும்.

திரையில் அவள் தெரிந்தாள். இயந்திரத்தின் தலையை இடப்பக்கம் சுழற்றினாள். கழுத்தில் போட்ட குறியின்மேல் வெளிச்சக் கட்டம் சரியாக விழுகிறதா என்று பார்க்க, வழக்கம்போல் அறை விளக்கை இறக்கினாள்.

திரை இருண்டது.

மேசையில் படுத்திருப்பவர் ஒரு வெளிறிய கோடு. அவள் ஒரு வெள்ளைக் கோட்.

அவளுக்கு முன்னால் இன்னொன்று.

உயரமாக. கேமராவுக்கு முதுகு காட்டி. கழுத்து முன்னால் வளைந்து.

இயந்திரத்தின் தலைக்கும் அவளுக்கும் நடுவில், இரண்டு கையையும் விரித்து, கூரையைத் தாங்குகிறவர்போல அது நின்றது. அவள் இடப்பக்கம் நகர்ந்தாள். அதுவும் நகர்ந்தது. அவள் குனிந்தாள். அது அவள் முதுகின்மேல் வளைந்து கவிந்தது.

நிர்வாகி “அம்மா” என்றார். அவருக்கும் தெரிந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

என் கை அலாரத்தின் பிளக்கை எடுத்துச் செருகியது. யோசித்துச் செய்தேன் என்று பெருமைப்பட முடியாது. கை செய்தது.

அலாரம் அலறியது.

மேசையில் பச்சை விளக்கு எரிந்தபடியே இருக்க, சுவரில் சிவப்பு விளக்கு சுற்ற ஆரம்பித்தது. சென்சார் போகவில்லை. சோர்ஸ் முழுதாக உள்ளே போவதேயில்லை. கூட்டின் வாசல்வரை வந்து, ஒரு விரல்கடை வெளியே நின்றுவிடுகிறது. பச்சை விளக்கின் சுவிட்சுக்கு அதுவே போதும். ஒன்பது மாதமாக அந்தப் பெண் பச்சையை நம்பி, திறந்திருக்கிற வாசலுக்கு முன்னால் குனிந்து நின்றிருக்கிறாள்.

பேசும் பொத்தானை அழுத்தினேன். “வெளிய வாடீ! விட்டுட்டு வெளிய வா!”

“ஒரு கொக்கி சிக்கிக்கிச்சு மாமா!” அவள் குரல் உடைந்தது. தையல்காரரின் கை மேசை விளிம்பைப் பிறாண்டும் சத்தம் கேட்டது. முகம் பூட்டியிருக்கிற மனிதரை விட்டுவிட்டு அவள் வரமாட்டாள். என் அக்கா பெற்றது அப்படி.

பொத்தானிலிருந்து விரலை எடுத்தேன். ஒலிபெருக்கியில் யாரோ மூச்சு விட்டார்கள். அவளுடையது இல்லை.

“கம்பி சார்.”

மெல்லிய ஆண் குரல். பக்கத்தில் நின்று காதில் சொல்வதுபோல.

“கம்பிய எடுத்துட்டு வாங்க சார்.”

அவசரத்துக்கான இரும்புக் கம்பி கதவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும். எல்லா மருத்துவமனையிலும் ‘உள்ளது’ என்று நான் டிக் அடிக்கிற பொருள். முதல்முறையாகக் கையில் எடுத்தேன். நினைத்ததைவிடக் கனம்.

நிர்வாகி என் சட்டையைப் பிடித்து இழுத்தார். பாவம், அந்த நேரத்திலும் மனிதர் சொன்னது இதுதான்: “பேட்ஜ் போடாம உள்ள போகக்கூடாது சார், ரூல்ஸ்!”

உதறிவிட்டு உள்ளே போனேன்.

கதவுக்கும் அறைக்கும் நடுவில் வழி இரண்டு முறை மடங்கும், கதிர் நேராக வெளியே வராமலிருக்க. முதல் மடிப்பில் வெளிச்சம் தீர்ந்தது. அலாரமும் பின்னால் தேய்ந்துபோனது. என் செருப்புச் சத்தம் கேட்டது.

எனக்கு முன்னால் இன்னொரு செருப்புச் சத்தமும் கேட்டது.

அது நின்றது. நான் வர ஒரு நொடி காத்திருந்தது. மறுபடி நடந்தது.

இரண்டாவது மடிப்பில் அந்த வாசனை வந்தது. தீப்புண்ணுக்குப் போடும் களிம்பு.

அறைக்குள் அரை இருட்டு. அக்கா மகள் நான்காவது கொக்கியைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தாள். நான் வேறெங்கும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கால் நின்றுவிடும் என்று தெரியும். இயந்திரத்தின் தலையில் உள்ள துளையில் கம்பியைச் செருகித் தள்ளினேன். கம்பியின் நடுவில் ஒரு சிவப்புப் பட்டை உண்டு. அது உள்ளே மறைந்தால் சோர்ஸ் கூட்டுக்குள் போய்விட்டது என்று அர்த்தம்.

ஒரு விரல்கடை மறையவில்லை.

தோளைக் கொடுத்துத் தள்ளினேன். நகரவில்லை. ஐம்பத்தாறு வயது, பேனா பிடித்த கை.

அப்போது என் இரண்டு கைகளின்மேல் இரண்டு கைகள் அமர்ந்தன.

பெரியவை. உள்ளங்கைத் தோல் உரிந்து, களிம்பில் வழுக்கின. என் காதுக்கு மேலே ஒரு கழுத்து வளைந்திருந்தது. அதன் மூச்சு என் நெற்றியில் பட்டது. சூடாகவும் இல்லை, குளிராகவும் இல்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

கம்பி போனது.

உள்ளே எங்கோ கடக்கென்று ஒரு சத்தம். வெளியே அலாரம் நின்றது. அதே நேரம் நான்காவது கொக்கியும் கழன்றது. அவள் தையல்காரரை அப்படியே மேசையிலிருந்து உருட்டி, தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். கதவைப் பூட்டி, சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன்.

சுவரோரம் உட்கார்ந்தோம். தையல்காரர் முகத்தில் வலை வலையாகத் தடம் பதிந்திருந்தது. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, கதவைப் பார்த்தார். “அவரை உள்ளயே விட்டுட்டீங்களே” என்றார், காற்றில்.



அக்கா மகள் குலுங்கி அழுதாள். முதுகைத் தடவிக்கொடுத்தேன். கோட்டுக் காலருக்குக் கீழே, முதுகின் நடுவில், கையில் ஏதோ இடறியது. அவள் கைக்கு எட்டாத இடம். யாரோ நேராக, நிதானமாகக் குத்தியிருந்தார்கள்.

ஒன்பதாம் எண் பேட்ஜ்.

“இது எப்படி இங்க வந்தது?”

“தினமும் இருக்கும் மாமா. வீட்டுக்குப் போய்க் கழட்டும்போதுதான் தெரியும். முதல்ல யாரோ விளையாடறாங்கன்னு நினைச்சேன். கழட்டிக் குப்பையில போட்டேன். அலமாரியில வச்சுப் பூட்டினேன். காலைல கோட்டைப் போட்டுட்டு ரெண்டு பேஷண்டு பாக்கறதுக்குள்ள திரும்ப முதுகுல இருக்கும்.”

“உன்னோட பேட்ஜ் எங்க?”

அவள் நிர்வாகியைப் பார்த்தாள். நிர்வாகி மேசை இழுப்பறையைப் பார்த்தார். திறந்தேன். எட்டு பேட்ஜும் ஒரு ரப்பர் பேண்டுக்குள், தூசி படியாமல், சமர்த்தாக இருந்தன. டோஸ் வந்தால் விசாரணை வரும். பேட்ஜ் உள்ளே போகாவிட்டால் டோஸ் வராது. தேள் கொட்டாமலிருக்க விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தவன் கதை. ஆனால் அந்த விளக்கை அணைக்கச் சொல்லிக்கொடுத்தது யார்? மூன்று வருஷத்துக்கு முன்னால் படிவத்தில் பொய்யெழுதினாலும் ஒன்றும் ஆகாது என்று காட்டிவிட்டுப் போன நான்தான்.

ஆக, ஆறும் பதினாலும் முப்பத்தொன்றும் இறந்தவருடைய கணக்கு இல்லை. என் அக்கா மகளின் உடம்பில் ஏறியது. யாரும் அளக்காத அந்தப் பெண்ணை, அவர் ஒருவர்தான் தன் பேட்ஜைக் குத்தி அளந்துகொண்டிருந்தார். அளந்து, கட்டோடு கட்டாகச் சேர்த்து, என் மேசைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். முதல் இரண்டு முறை நான் அதைப் படிக்காமலே ஃபைலில் கோத்துவிட்டேன்.

படிவத்தை எடுத்தேன். நான்காவது கேள்வி: டோஸ் பதிவான நேரத்தில் பேட்ஜுக்கு உரியவர் அறைக்குள் இருந்தாரா?

ஆம் என்று எழுதினேன்.

நிர்வாகி பேயறைந்தவர்போல் இருந்தார். அறைந்துதான் இருந்தது. “செத்தவன் உள்ள இருந்தான்னு எழுதறீங்களா? உங்களுக்குப் பைத்தியம்னு முத்திரை குத்தி வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.”

“குத்தட்டும். மெய்யான டோஸ். இவ பேரும் எழுதறேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி அவருக்கு வந்ததும் மெய்தான்னு தனியா எழுதித் தர்றேன். அதுல நான் பொய்க் கையெழுத்துப் போட்டேன்னும் சேத்து.”

அக்கா மகளின் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். பயத்தினால் என்று சொல்லிக்கொண்டேன். வெட்கம் என்பதுதான் சரி.

அன்று சாயங்காலமே அறைக்கு வாரியத்தின் முத்திரை விழுந்தது. எனக்கும் விழுந்தது. விசாரணை முடியும்வரை மேசையில்லை, முத்திரையில்லை, வெறும் நாற்காலி. அக்கா என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. பேசியபோது அழுதாள், திட்டினாள், பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டாள். பெண்ணுக்கு மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. எண்ணிக்கைகள் இறங்கி, நின்று, மெல்ல ஏறத் தொடங்கிவிட்டன. சரியான நேரத்தில் பிடித்துவிட்டீர்கள் என்றார் மருத்துவர். பிடித்தது நான் இல்லை என்று அவரிடம் சொல்லவில்லை. தையல்காரருக்கு வேறு மருத்துவமனையில் மீதிச் சிகிச்சை முடிந்து குரல் கொஞ்சம் திரும்பியிருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து அந்தச் சோர்ஸைக் கழற்றி, ஈயப் பெட்டியில் வைத்து, பழைய சோர்ஸ்களைப் புதைத்துவைக்கும் கிடங்குக்கு லாரியில் அனுப்பினார்கள். அனுப்பும் பொறுப்பு மட்டும் எனக்குக் கொடுக்கப்பட்டது. மற்ற எல்லாரும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். ஓட்டுநரும் காவலரும், மொத்தம் இரண்டு பேர். பெயர் எழுதி, கையெழுத்து வாங்கி, நானே வண்டியை அனுப்பிவைத்தேன்.

மத்தியானம் ஓட்டுநர் தொலைபேசியில் கூப்பிட்டார். வண்டியை ஓரம்கட்டியிருந்தார்.

“சார், லிஸ்ட்ல ரெண்டு பேருன்னு இருக்கு. நீங்க மூணு பேரை அனுப்பியிருக்கீங்க. பெட்டி பக்கத்துல ஒருத்தர் உக்காந்திருக்காரு. உசரமான ஆளு. இறங்கச் சொன்னா, தன் பேரு லிஸ்ட்ல இருக்கான்னு உங்ககிட்ட கேக்கச் சொல்றாரு.”

பட்டியலின் நகலை எடுத்து மடியில் விரித்தேன்.

“சார்? என்ன சொல்ல?”

“இருக்குன்னு சொல்லுங்க” என்றேன். “நான் விட்டுட்டேன். இப்ப எழுதிக்கோங்க.” பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். கொக்கு என்று இல்லை. அவருடைய அம்மா அப்பா வைத்த பெயரை.

ஒரு வாரத்தில் கிடங்கிலிருந்து ரசீது வந்தது. பெட்டி ஒன்று, பழுதில்லை. வந்தவர் மூவர். திரும்பியவர் இருவர்.

அதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். மெய்யென்று எழுதிவிட்டோம், பெயரையும் சேர்த்துவிட்டோம், மனிதர் நிம்மதியாக இருப்பார் என்று. நேற்று கிடங்குக் காவலாளி கூப்பிட்டார். வயதானவர், நிதானமான குரல், பயந்த சுபாவம் இல்லை.

“சார், உங்க ஆளைப் பத்திச் சொல்லத்தான் கூப்பிட்டேன். நல்ல மனுஷன். பெட்டிகிட்ட யாரையும் அண்ட விடமாட்டேங்கிறாரு, எங்களுக்கும் ஒத்தாசைதான். ஆனா ஆறு மாசமா ஒரே ஆளு நிக்கறாரே, மாத்த ஆள் வர வேணாமான்னு நானே ஒருநாள் கேட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

“யாரு வரணும்னு அவருக்குத் தெரியுமாம் சார். உங்க பேரைத்தான் சொன்னாரு.” காவலாளி கொஞ்சம் தயங்கினார். “அவசரமில்லையாம். நீங்க வேலையெல்லாம் முடிச்சுட்டு வர்ற வரைக்கும் அவரே பாத்துக்கறாராம்.”